மதுரை வட்டாரத்தில் இதழியல், ஊடகக் கல்வி

செய்தி சேகரித்தல், எழுதுதல், செம்மை செய்தல், ஒலிபரப்பு, ஒளிப்பதிவு, ஆவணப்படம், விளம்பரம் ஆகியவற்றைக் கல்லூரி வகுப்பில் கற்பிக்கும் முறை மதுரை நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை கூறுகிறது. நாகமலையை ஒட்டிய பல்கலை நகர், அருப்புக்கோட்டை சாலை, திண்டுக்கல் சாலையில் விளாங்குடியைத் தாண்டி வரும் பரவை எனப் பல இடங்கள் இதில் இடம்பெறுகின்றன. மதுரையில் பத்திரிகை முதலில் வந்தது. பத்திரிகைத் தொழிலுக்கான படிப்பு பல பத்தாண்டுகள் கழித்தே வந்தது. இப்படிப்பின் இன்றைய பலமும் குறையும் அந்த முன்பின் வரிசையிலிருந்தே தொடங்குகின்றன.

அலுவலகத்தில் கற்ற தலைமுறை

பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். சங்கம் நடத்திய ‘செந்தமிழ்’ இதழில் ரா. இராகவையங்கார், மு. இராகவையங்கார் போன்ற புலவர்கள் ஆசிரியப் பொறுப்பில் இருந்தனர். அது ஆராய்ச்சி இதழ். அன்றாடச் செய்தி அதன் வேலை அன்று. ஆயினும் கையெழுத்துப் படியைத் திருத்தி, அச்சுக்கு ஏற்றபடி ஒழுங்கு செய்து, குறித்த காலத்தில் வெளியிடும் பழக்கத்தை மதுரையில் வேரூன்றச் செய்தவற்றுள் அதற்கு முதன்மையான இடம் உண்டு.

அதே காலத்தில் மதுரையிலிருந்து வெளிவந்த ‘விவேகபானு’ என்ற இதழில்தான் 1904 ஜூலையில் சுப்பிரமணிய பாரதியின் முதல் கவிதை அச்சேறியது. அடுத்த மாதம் அவர் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராகச் சேர்ந்தார். நவம்பரில் அப்பணியை விட்டுச் சென்னைக்குச் சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ அலுவலகத்தில் உதவி ஆசிரியரானார். அங்கே அவருக்கு வாய்த்த முதன்மையான வேலை மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் வரும் தந்திச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் அன்றன்றே தமிழாக்க வேண்டும். தமிழில் அதுவரை எழுதப்படாத அரசியல், பொருளாதாரச் செய்திகளை மறுநாள் வாசகனுக்குப் புரியும்படி எழுத வேண்டிய அந்த நெருக்கடிதான் பாரதியின் உரைநடையை வடித்தது. ‘தி இந்து’வை 1878இல் தொடங்கிய நண்பர் குழுவில் ஒருவரும், 1882இல் ‘சுதேசமித்திரன்’ தொடங்கியவருமான சுப்பிரமணிய ஐயர், பட்டம் எதுவும் தராமலே ஒரு மாணவரைப் பத்திரிகையாளராக்கினார். தமிழ் இதழியல் கல்வியின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், அந்த மேசையிலிருந்தே தொடங்க வேண்டும்.

மதுரை தந்த ‘தந்தி’யும் ஒரு கையேடும்

1942 நவம்பர் 1ஆம் நாள் சி. பா. ஆதித்தனார் மதுரையிலிருந்து ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கினார். இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்றவர் அவர். அங்கே சாதாரணத் தொழிலாளியும் காலையில் நாளிதழ் வாங்கிப் படிப்பதைக் கண்டவர். தமிழ்நாட்டில் அத்தகைய வாசகரை உருவாக்க வேண்டுமென்றால் நாளிதழின் தமிழ் மாற வேண்டும் என்று முடிவு செய்தார். சின்ன வாக்கியங்கள், பெரிய தலைப்புகள், படங்கள், குற்றச் செய்தியும் நீதிமன்றச் செய்தியும் என ‘தந்தி’ எடுத்த வழி அன்றைய படித்தவர்களுக்கு உவப்பாக இருக்கவில்லை. டீக்கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டனர். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர்கள் அதை வைத்துப் படிப்பைப் பழகினர்.

ஆதித்தனார் தம் நிருபர்களுக்கும் உதவி ஆசிரியர்களுக்கும் எழுதிய வழிகாட்டி ‘இதழாளர் கையேடு’ என்ற நூலாக நிலைத்தது. மக்கள் பேசும் தமிழில் கொச்சையை நீக்கி எழுத வேண்டும், படிப்பவருக்குப் புரியாத சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் அடிப்படை. செய்தியாளருக்காகத் தமிழில், தமிழ் வாசகரை மனத்தில் வைத்து எழுதப்பட்ட நூல்கள் மிகச் சில. அவற்றுள் இதற்கு முன்வரிசையில் இடம் உண்டு. ‘தந்தி’ வேறு நகரங்களுக்குப் பரவிய பிறகு, ஒரே பத்திரிகை நடையில் பல ஊர்களிலிருந்து எழுத வேண்டிய நிலை வந்தது. அதற்கு எழுதி வைத்த விதிகள் தேவைப்பட்டன. கல்லூரிகள் நடைநூல் என்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு வெகு காலம் முன்பே மதுரையில் பிறந்த ஒரு நாளிதழ் அதைச் செய்து முடித்திருந்தது.

கருமுத்து தியாகராசச் செட்டியாரின் பங்கு வேறு வகையானது. மில் முதலாளியான அவர் ‘தமிழ்நாடு’ என்ற நாளிதழை மதுரையிலிருந்து நடத்தினார். 1949இல் தியாகராசர் கல்லூரியையும் நிறுவினார். ஒரே கையில் பத்திரிகையும் கல்லூரியும் இருந்தும், ஒன்று மற்றொன்றின் பயிற்சிக்கூடமாக அமையவில்லை. அன்றைய கல்லூரியின் பார்வையில் பத்திரிகை வேலை பட்டப்படிப்புக்குரிய பொருளாகத் தோன்றவில்லை. ‘தினமணி’யும் மதுரையில் பதிப்பு கண்டது. 1951இல் திருவனந்தபுரத்தில் டி. வி. ராமசுப்பையர் தொடங்கிய ‘தினமலர்’, திருநெல்வேலி வழியாக 1980இல் மதுரைக்கு வந்தது. இந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றும் ஆளெடுத்துத் தாமே பயிற்றுவித்தன. பிழைதிருத்துநராக நுழைந்தவர் உதவி ஆசிரியராவார். சிற்றூர்களில் பத்திரிகை ஏஜென்டே நிருபராகவும் இருப்பார். அவர் அனுப்பும் தபால் உறையில் ஊர்ச் செய்தியும் விளம்பரப் பணக் கணக்கும் சேர்ந்தே வரும்.

பல்கலைக்கழகத்துக்குள் நுழைதல்

அமெரிக்காவில் மிசௌரி பல்கலைக்கழகம் 1908இல் இதழியல் பள்ளியைத் திறந்தது. நாளிதழ் அதிபர் ஜோசப் புலிட்சர் விட்டுச்சென்ற நன்கொடையில் 1912இல் கொலம்பியா பல்கலைக்கழகம் அதே வழியில் வந்தது. இந்தியாவில் முதல் முயற்சி தமிழ் மண்ணிலேயே நிகழ்ந்தது. அடையாற்றில் அன்னி பெசன்ட் அம்மையார் தொடர்பிலான தேசியப் பல்கலைக்கழகத்தில் 1920இல் இதழியல் பாடம் தொடங்கப்பட்டது. மாணவர்கள் அவருடைய ‘நியூ இந்தியா’ அலுவலகத்தில் பழகினர். அது நீடிக்கவில்லை. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் பி. பி. சிங் தலைமையில் தொடங்கிய துறையே இத்துணைக்கண்டத்தில் நிலைத்த முதல் துறை. 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் இதழியல் படிப்பைத் தொடங்கியது. 1965 ஆகஸ்டில் டெல்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனம் திறக்கப்பட்டது.

மதுரைப் பல்கலைக்கழகம் 1966இல் தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரை முதல் துணைவேந்தராகக் கொண்டு பிறந்தது. 1978இல் அது காமராசர் பெயர் தாங்கியது. 1971இல் தொடங்கிய அதன் அஞ்சல்வழிக் கல்வி, கல்லூரி வாசலை மிதிக்க முடியாத பல்லாயிரவருக்குப் பட்டம் தந்தது. பின்னாளில் இதழியலும் அதன் பாட வரிசையில் சேர்ந்தது. பல்கலை நகரில் இதழியல் மற்றும் அறிவியல் தொடர்பியல் என்ற பெயரில் துறை அமைந்ததில் தனிக் கருத்து உண்டு. அறிவியலை மக்கள் மொழியில் சொல்வதைப் பாடமாகவே எடுத்துக்கொண்ட துறைகள் தமிழ்நாட்டில் அரிது. வயலில் பூச்சி விழுந்தால், கண்மாயில் தண்ணீர் நிறம் மாறினால், ஊரில் காய்ச்சல் பரவினால் ஆய்வுக்கூடத்தில் தெரிந்ததை ஊருக்குச் சொல்லத் தெரிந்த ஆள் தேவை. இத்துறைப் பெயரின் இரண்டாம் பகுதி அந்தத் தேவையைக் குறிக்கிறது. அதை முழுமையாக நிறைவேற்றும் அளவுக்கு அறிவியல் நிருபர்களைத் தமிழ் நாளிதழ்கள் வேலைக்கு எடுக்கவில்லை என்பது வேறு குறை. அந்தக் குறை பத்திரிகைகளைச் சேர்ந்தது.

தமிழ்த்துறைகள் செய்த வேலை

தமிழ்நாட்டில் இதழியல் படித்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் இதழியல் துறையில் படித்தவர்கள் அல்லர். அவர்கள் தமிழ் இலக்கிய மாணவர்கள். பி.ஏ., எம்.ஏ. தமிழ்ப் பாடத்திட்டத்தில் ‘இதழியல்’ அல்லது ‘மக்கள் தகவல் தொடர்பியல்’ என்று ஒரு தாள் இருக்கும். மா. பா. குருசாமியின் ‘இதழியல் கலை’ போன்ற நூல்கள் அதற்குப் பாடநூல்கள். செய்தியின் இலக்கணம், தலையங்கம், நேர்காணல், பிழைதிருத்தக் குறியீடுகள், பத்திரிகைச் சட்டங்கள் என்று வரிசையாகப் பாடம் நடக்கும். கற்பிக்கும் பேராசிரியர் பெரும்பாலும் சங்க இலக்கியத்திலோ இலக்கணத்திலோ தேர்ந்தவராக இருப்பார்; செய்தி அறையைப் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆயினும் வட்டாரப் பத்திரிகைகளின் உதவி ஆசிரியர் மேசைகளை நிரப்பியவர்கள் இம்மாணவர்களே. ஒற்று மிகும் இடம் தெரிந்தவர், வாக்கியத்தில் எழுவாய் தொலைந்தால் கண்டுபிடிப்பவர் என்ற தகுதி அவர்களுக்கு இருந்தது. ஊடகத் துறை மாணவர்களிடம் இன்று மிகவும் குறைந்து வருவது இதுவே.

கல்லூரிக்கு வெளியே இன்னொரு பள்ளி இயங்கியது. எஸ். பாலசுப்பிரமணியன் காலத்தில் ‘ஆனந்த விகடன்’ வளர்த்தெடுத்த மாணவப் பத்திரிகையாளர் திட்டம், எந்தப் பாடம் படிக்கும் மாணவராயினும் தேர்வு எழுதி நிருபராகப் பயிற்சி பெற வழி செய்தது. 1983இல் ‘ஜூனியர் விகடன்’ வந்த பிறகு மாவட்டச் செய்திகளுக்கு அதில் இடம் விரிந்தது. வேளாண்மை படித்தவரும் பொறியியல் படித்தவரும் அதன் வழியே இத்தொழிலுக்கு வந்தனர்.

திரையும் கேமராவும்

1984 ஆகஸ்ட் 15 முதல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷன் வழியாக நாடு தழுவிய வகுப்பறை என்ற கல்வி ஒளிபரப்பை நடத்தியது. அதற்கான நிகழ்ச்சிகளைத் தயாரிக்கச் சில பல்கலைக்கழகங்களில் ஒலி-ஒளிக் கூடங்கள் அமைக்கப்பட்டன. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமைந்த கூடம் பின்னர் கல்விசார் பல்லூடக ஆராய்ச்சி மையமாக வளர்ந்தது. இன்று இணையவழிப் பாடங்களையும் அது தயாரிக்கிறது. கேமரா, ஒளியமைப்பு, படத்தொகுப்பு ஆகியவை மதுரைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் நிலையாக வந்தது இவ்வாறுதான். 1987இல் மதுரை வானொலி நிலையம் திறந்தது. கொடைக்கானல் கோபுரம் தென்மாவட்ட வீடுகளுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டுவந்தது.

1980களின் இறுதியில் சென்னை இலயோலா கல்லூரி தொடங்கிய காட்சித் தொடர்பியல் பட்டப்படிப்பு, ‘விஸ்காம்’ என்ற பெயரில் தமிழ்நாடு முழுதும் பரவியது. 1993 ஏப்ரல் 14இல் சன் டிவி தொடங்கியதும், அதன் பின் தனியார் அலைவரிசைகள் பெருகியதும் அதற்குக் காற்றுக் கொடுத்தன. மதுரையிலும் கல்லூரிகள் ஒவ்வொன்றாக இதைத் தொடங்கின. ‘தினமலர்’ குடும்பத்தைச் சேர்ந்த இரா. இலட்சுமிபதி அருப்புக்கோட்டை சாலையில் நிறுவிய சுப்புலட்சுமி லட்சுமிபதி அறிவியல் கல்லூரி இவற்றுள் குறிப்பிடத்தக்கது. பத்திரிகைக் குடும்பம் ஒன்று நேரே ஊடகக் கல்விக்கு வந்த நிகழ்வு அது. 1881இல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி போன்ற பழைய நிறுவனங்களும் இப்பாடத்தை ஏற்றன.

விஸ்காம் படிப்பின் ஈர்ப்பு சினிமா. சேரும் மாணவர்களிடம் கேட்டால் இயக்குநர், ஒளிப்பதிவாளர் என்ற சொற்களே அதிகம் வரும். நிருபர் என்ற சொல் அரிதாக வரும். பாரதிராஜா, இளையராஜா என்று வைகைப் படுகை ஊர்களிலிருந்து கோடம்பாக்கம் சென்றவர்களின் பெருமை நிறைந்த மண்ணில் இது இயல்பே. ஆனால் இதன் விளைவாக, மூன்று ஆண்டுப் படிப்பில் செய்தி எழுதும் பயிற்சி ஓரிரு தாள்களுக்குள் சுருங்கிவிட்டது. 2011இல் ‘புதிய தலைமுறை’ போன்ற செய்தி அலைவரிசைகள் வந்து மாவட்டம்தோறும் செய்தியாளர் தேவைப்பட்டபோது, கேமரா தெரிந்தவர்கள் கிடைத்தார்கள். ஆட்சியர் அலுவலக அரசாணையைப் படித்துப் பொருள் சொல்லத் தெரிந்தவர்கள் குறைவாகவே கிடைத்தார்கள்.

மதுரை தரும் பாடங்கள்

பாடத்திட்டத்தில் இல்லாத பாடங்களை இந்நகரம் தாராளமாகத் தந்திருக்கிறது. மேலூர் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளின் கதை அவற்றுள் முதன்மையானது. சட்டவிரோதக் குவாரிகள் பற்றி எழுதிவந்த ‘தினபூமி’ நாளிதழின் ஆசிரியர் 2010இல் கைது செய்யப்பட்டார். 2012இல் மாவட்ட ஆட்சியர் உ. சகாயம் அரசுக்கு எழுதிய கடிதம், அரசுக்கு ஏற்பட்ட இழப்பை 16,000 கோடி ரூபாய்க்கு மேல் என்று மதிப்பிட்டது. அக்கடிதம் வெளியான பிறகுதான் மாநிலமே அதைப் பற்றிப் பேசியது. 2014இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரையே சட்ட ஆணையராக நியமித்து விசாரிக்கச் செய்தது. குன்று மறைவதை அந்த ஊர்க்காரர்கள் ஆண்டுக்கணக்கில் கண்ணால் பார்த்தவர்கள். அந்தக் காட்சி பெரிய செய்தியாவதற்குப் புல எண், உரிம ஆவணம், அளவைக் கணக்கு ஆகியவை தேவைப்பட்டன. ஆவணங்களைப் படித்துச் செய்தி எழுதக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான உள்ளூர் உதாரணம் கிடையாது.

2007 மே 9 அன்று நடந்தது இத்தொழிலின் அபாயத்தைச் சொல்வது. ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக ‘தினகரன்’ மதுரை அலுவலகம் தாக்கப்பட்டு, அதற்குத் தீ வைக்கப்பட்டதில் ஊழியர்கள் மூவர் இறந்தனர். 2009இல் விசாரணை நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டோரை விடுவித்தது. 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அத்தீர்ப்பை மாற்றி 9 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. இறந்தவர்கள் அந்தக் கருத்துக்கணிப்பை எழுதியவர்கள் அல்லர். பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய வகுப்பு டெல்லி உதாரணங்களோடு முடிந்துவிடும் கல்லூரி, தன் நகரத்தில் நடந்த இதை மாணவருக்குச் சொல்லத் தவறினால் அது கடமை தவறுவதாகும்.

ஆவணப்படத்திலும் மதுரைக்குத் தனி மரபு உண்டு. அமுதன் ஆர். பி. ‘மறுபக்கம்’ அமைப்பின் வழியே 1998 முதல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாக்களை நடத்திவந்தார். மதுரைத் தெருவொன்றில் மலம் அள்ளும் பெண்ணின் ஒரு நாளைக் காட்டும் அவருடைய படம் 2003இல் வந்தது. அவ்விழாக்களில் படம் பார்த்துவிட்டு இயக்குநரோடு வாதிட்ட மாணவர்கள் பாடநூல் தராத பயிற்சியைப் பெற்றார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் தம் 1996ஆம் ஆண்டு நூலுக்காக நடந்து திரிந்த மாவட்டங்களில் இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அடங்கும். ஊர்ப்புறத்து வறுமையை எழுதுவதில் உலகம் போற்றும் அந்த வேலையின் ஒரு பகுதி மதுரையிலிருந்து சில மணி நேரப் பேருந்துப் பயணத்தில் நடந்தது. கீழடி அகழாய்வு 2015இல் தொடங்கியதும், 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் மாணவர்கள் கைப்பேசி வழியே ஜல்லிக்கட்டுப் போராட்டத்தை நேரலையாகக் காட்டியதும் அண்மைக் காலப் பாடங்கள்.

பரவை

பரவை, மதுரைக்கு வடமேற்கே சமயநல்லூருக்கு முன்னால் உள்ள பேரூராட்சி. மங்கையர்க்கரசி மகளிர் கலை அறிவியல் கல்லூரி இங்கே உள்ளது. இதே சாலையில் நகரை ஒட்டி, 1953இல் தொடங்கிய பாத்திமா கல்லூரி. ஊடகப் படிப்பைத் தேடும் இப்பகுதிப் பெண்களுக்கு வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் கல்லூரி இருப்பது பெரிய விஷயம். விடுதிச் செலவும் வீட்டார் தயக்கமுமே பல மாணவிகளின் படிப்பைத் தீர்மானிக்கின்றன.

ஊடகக் கல்வியில் பரவைக்கு இன்னொரு முகமும் உண்டு. பரவை முனியம்மா இவ்வூர்க்காரர். கோயில் திருவிழா மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டுப் பாடி வந்தவர், 2003இல் ‘தூள்’ படத்தின் மூலம் தமிழ்நாடு முழுதும் அறியப்பட்டார். 2020 மார்ச் 29இல் காலமானார். மேடை, ஒலிநாடா, வானொலி, சினிமா, தொலைக்காட்சி என்று ஒரு குரல் ஊடகம் மாறி ஊடகம் பயணம் செய்ததைப் படிக்க அவர் வாழ்க்கையே போதும். மரபுவழி ஊடகம் என்ற அலகின் கீழ் எங்கோ உள்ள பொம்மலாட்டத்தைப் பற்றிக் குறிப்பு எழுதும் மாணவர்கள், தம் ஊர்ப் பாடகரைப் பற்றி எழுதியிருக்க வேண்டும்.

பரவை காய்கறி மொத்தச் சந்தை விடியலுக்கு முன்னரே விழித்துவிடும். தக்காளி விலை சரிந்தால் ஒட்டன்சத்திரம் பக்கத்து விவசாயிக்கு என்ன ஆகும், ஏறினால் மதுரை ஓட்டல்காரருக்கு என்ன ஆகும், கமிஷன் எவ்வளவு, சுமை தூக்குபவர் கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதினால் பொருளாதார நிருபருக்கான முழுப் பயிற்சி அங்கேயே கிடைக்கும். பரவைக் கண்மாய்க்கு நீர் வரும் கால்வாய் யார் பொறுப்பில் உள்ளது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டால் நிர்வாகம் புரியும். அச்சட்டம் நாடு முழுமைக்கும் 2005இல் வந்தது. தமிழ்நாடு 1997லேயே தனக்கென ஒன்றை இயற்றியிருந்தது.

இன்றைய நிலை

இப்படிப்பின் பெரிய முரண் மொழியில் உள்ளது. பாடநூல்கள், தொடர்பியல் கோட்பாடுகள், தேர்வுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்; வேலை தமிழில். கோட்பாட்டுப் பெயர்களை மனப்பாடம் செய்து தேறிய மாணவர், தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்த நான்கு வரித் தகவலைத் தமிழில் செய்தியாக்கத் தடுமாறுகிறார். தமிழ்நாடு அரசு 1999இல் தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. அதில் வேகமாகத் தட்டச்சுச் செய்யத் தெரியாமலே பட்டம் வாங்குவோர் உண்டு. ஆதித்தனார் எழுதிய அளவுக்குத் தெளிவான, இன்றைய தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் உரிய தமிழ்க் கையேடு இன்னும் நமக்கு வேண்டியிருக்கிறது. சம்பளமும் ஒரு காரணம். மாவட்டச் செய்தியாளர் பலர் செய்திக்கு இவ்வளவு என்ற கணக்கில் கூலி பெறுபவர்கள். நன்றாகப் படித்தவர் விளம்பர நிறுவனத்துக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார். பெண் செய்தியாளர்கள் மாவட்ட அளவில் இன்னும் சிலரே.

சென்னையில் ஆசிய இதழியல் கல்லூரி 2000 முதல் இயங்குகிறது. 2025இல் தமிழ்நாடு அரசின் ஆதரவில் சென்னை இதழியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இரண்டும் தலைநகரில்தான் உள்ளன. வைகைக் கரைச் செய்தியை எழுதப் போகிறவர் அதை இங்கேயே கற்க வழி வேண்டும். அதற்குப் புதிய கட்டடம் தேவையில்லை. மதுரைப் பதிப்புகளில் ஓய்வு பெற்ற உதவி ஆசிரியர்களை வாரம் ஒரு நாள் வகுப்புக்கு அழைத்தாலே பாதி வேலை முடியும். இப்படிப்பில் சேர நினைக்கும் மாணவர் ஒரு கல்லூரியைப் பார்க்கப் போகும்போது ஸ்டுடியோவின் அளவைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே மாணவர்கள் நடத்தும் பத்திரிகையின் சென்ற மாத இதழைக் கேட்டு வாங்கிப் படித்துப் பாருங்கள். அதில் அந்த ஊர்ச் செய்தி ஒன்றாவது விசாரித்து எழுதப்பட்டிருந்தால், அந்தக் கல்லூரியில் சேருங்கள்.